செம்பாடும் செமிபாடும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த தோட்டத்தில் வெங்காயமும் பீற்றூட்டும் செய்கிறவருக்குக் கோப்பாய்ப் பக்கம் கொஞ்ச வயலும் உண்டு. ஒரு காலபோகம், விதைத்து மூன்றாம் கிழமை. நெற்சப்பியும் கோரையும் நெல்லை மேவி வந்திருந்த நேரம். வயலால் வந்தவர் மருந்தடிக்கிற மெசினைத் தோளால் இறக்கிக் கிணற்றடியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இவ்வளவு மருந்தையும் அடிச்சுப்போட்டு வாறியள். அரிசியிலை இராதோ?"

"இராது தம்பி. ஒரு மாசத்திலை எல்லாம் போயிடும் எண்டு கடைக்காரன் சொன்னவன்."

போயிடும். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் பல வேலை பார்க்கும். காய்ச்சலும் போயிடும், பிள்ளைகளும் வெளிநாட்டுக்குப் போயிடுங்கள். போன காய்ச்சல் எங்கேயும் இல்லை. போன பிள்ளை இங்கே இல்லை, ரொறன்ரோவில் இருக்கிறது. வயலில் அடித்த களைநாசினி காய்ச்சலைப் போலப் போகிறதா, பிள்ளையைப் போலப் போகிறதா?

ஆய்வுகூடத்திலும் இதே குழப்பம் இருந்தது. மண்ணில் மருந்தைக் கலந்து வைத்து, குறித்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் கரைப்பானில் கழுவி, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளப்பார்கள். பாதியாகக் குறைய எடுத்த நாள்தான் ஏட்டில் அரைவாழ்வு என்று ஏறும். ஆனால் கழுவலில் வராதது எல்லாம் அழிந்துவிட்டது என்று யார் சொன்னது? மூலக்கூறில் ஒரு காபன் அணுவுக்குப் பதில் கதிரியக்கக் காபன் 14ஐ வைத்துப் பின்தொடர்ந்து போனபோதுதான் கணக்குத் தெளிந்தது. ஒரு பங்கு காபனீரொட்சைட்டாகிக் காற்றோடு கலந்துவிடுகிறது. அது காய்ச்சல் போன மாதிரி. இன்னொரு பங்கு உருமாறி வேறு பெயரில் மண்ணிலேயே இருக்கிறது. மிச்சம் மண்ணின் உக்கலோடு இறுக ஒட்டி, எந்தக் கரைப்பானுக்கும் அசையாமல் கிடக்கிறது. ஏட்டில் இந்த மூன்றுக்கும் ஒரே பெயர்: மறைவு.

அண்ணையின் வயலுக்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு ஹெக்டயருக்கு 1 கிலோ மருந்துச் சரக்கு விழுகிறது என்று வையுங்கள். ஒரு ஹெக்டயரில் மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணின் நிறை ஏறத்தாழ 20 இலட்சம் கிலோ. அப்படியென்றால் ஒரு கிலோ மண்ணுக்கு அரை மில்லிகிராம். அரைவாழ்வு 30 நாளானால் 120 நாளில், அதாவது அறுவடை நேரத்தில், பதினாறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.03 மில்லிகிராம் நிற்கும். கடைக்காரரின் ஒரு மாதத்தில் பாதிதான் போகும். முழுவதும் ஒருநாளும் போகாது, பாதி பாதியாகத் தேயும். இந்தக் கணக்குக்கு உள்ளே ஒரு கள்ளம் இருக்கிறது. அந்த 30 நாள் எந்த ஊர் மண்ணில் அளந்த 30 நாள்?

அதற்கு முன் நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. களைநாசினி அடித்த வயலில் புல் சாக, நெல் ஏன் நிற்கிறது? நெல்லும் நெற்சப்பியும் புல்லினத்தில் நெருங்கிய சொந்தம். எங்கள் வயல்களில் நெடுங்காலம் புழங்கிய புரொப்பனில், கமக்காரர் வாயில் 'டி.பி.ஏ.', இரண்டின் இலையிலும் ஒரேமாதிரித்தான் புகுகிறது. நெல்லின் இலையில் அதை வெட்டிப் பிரிக்கும் நொதியம் ஒன்று தாராளமாக இருக்கிறது. நெற்சப்பியில் அது போதாது. நெல் பிழைப்பது அதன் செமிபாட்டால்தான். அதனால்தான் புரொப்பனிலோடு காபரில் போன்ற பூச்சிநாசினியைக் கலந்து அடித்தால் நெல்லும் கருகும்: பூச்சிநாசினி அந்த நொதியத்தின் கையைக் கட்டிவிடும். ஒரே நாளில் இரண்டு வேலையும் முடியட்டும் என்று மெசினுக்குள் இரண்டையும் ஊற்றியவர்களுக்கு இது தெரியும், காரணம் தெரியாவிட்டாலும். பிறகு நெற்சப்பியும் அந்த வித்தையைப் பழகிக்கொண்டது. பல நாடுகளைப்போல இலங்கையிலும் புரொப்பனிலுக்கு அசையாத நெற்சப்பி பதிவாகியிருக்கிறது.

நெல் வெட்டிய துண்டு என்னவாகும்? குளோரீன் ஏறிய அனிலீன் ஒன்று மிஞ்சும். மண்ணில் நுண்ணங்கிகள் புரொப்பனிலை வெட்டினாலும் அதே துண்டுதான். புரொப்பனில் சில நாளில் 'போயிடும்', அது உண்மை. அந்த அனிலீன்தான் உக்கலோடு ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் கிடக்கும் சரக்கு. அரிசியைப் பொறுத்தவரை அண்ணை சொன்னது பெரும்பாலும் சரி. நெல்லுக்கு மருந்து அடிப்பது பயிர் சாண் உயரம் இருக்கும்போது. கதிர் முற்ற இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது. மணிக்குள் போய்ச் சேர்வது அளவுகருவியின் கண்ணுக்கும் அரிதாகவே தட்டுப்படும்.

எச்சத்துக்குப் பயப்படுகிறவர்கள் சோற்றைப் பார்க்கும் அதே கண்ணால் காலைப் பாணையும் பார்க்கவேண்டும். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, முழுவதும் கப்பலில் வருகிறது. குளிர்நாடுகள் சிலவற்றில் கோதுமையும் பார்லியும் ஒரேயடியாகக் காயட்டும் என்று அறுவடைக்குக் கிழமை இரண்டு முன் பயிரின் மேலேயே கிளைபோசேட் என்ற களைநாசினியை அடிக்கும் வழக்கம் உண்டு. முற்றிய மணியில் செமிபாடு நின்றுபோயிருக்கும். உள்ளே போனது அப்படியே இருக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் கோதுமைக்கு அனுமதித்த கிளைபோசேட் எச்சம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அரிசிக்கு 0.1 மட்டும். நூறு மடங்கு வித்தியாசம். இது நச்சுத்தன்மையின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தந்தப் பயிரில் எப்போது அடிக்கிறார்கள் என்பதன் நிழல் அது. எச்சம் கூடுதலாகத் தவிட்டோடு நிற்பதால் வெள்ளை மாவில் குறையும். போறணைச் சூட்டுக்கு அது அழியாது.

இனி மண். மண்ணுக்கு ஒரு வயிறு உண்டு என்பதை முதலில் ஒழுங்காகக் காட்டியவர் இலண்டன் பெட்ஃபோர்ட் கல்லூரியின் எல். ஜே. ஆடஸ். 1940களின் முடிவில், அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த 2,4-டி என்ற களைநாசினியைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்த மண்ணூடாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். முதலில் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை, கரைசலில் மருந்து குறையவே இல்லை. பிறகு திடீரென்று மளமளவென்று இறங்கி இல்லாமற்போனது. அதே மண்ணுக்குள் இரண்டாம் தடவை மருந்தை விட்டால் காத்திருப்பே இல்லை, உடனே தின்னத் தொடங்கியது. இரசாயனம் தானாக உடைந்தால் இரண்டாம் தடவை மட்டும் ஏன் வேகம்? மண்ணில் யாரோ இருந்து பழகிக்கொள்கிறார்கள். அந்த யாரோ பற்றீரியா. பின்னர் அவற்றைப் பிரித்தெடுத்து, எந்தப் பரம்பரையலகு அந்த வேலையைச் செய்கிறது என்றும் கண்டார்கள்.

அத்திரசீன் கதை இன்னும் விசேஷம். சோளப் பயிருக்கென்று 1958இல் வந்த அந்த மருந்தின் வளையத்தை இயற்கையில் எதுவும் சாப்பிட்டுப் பழகவில்லை. சோளமோ தன் சாற்றில் அதைச் செயலற்றதாக்கிவிடும். 1990களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் களைநாசினி சிந்திக் கிடந்த ஓரிடத்து மண்ணில், அதையே நைதரசன் சாப்பாடாக்கிக்கொண்ட பற்றீரியா ஒன்று அகப்பட்டது. அதன் முதல் நொதியம் மெலமீனை உடைக்கும் ஒரு பழைய நொதியத்திலிருந்து 9 அமினோவமிலங்களில் மட்டுமே வேறுபட்டது. ஒரு மனித ஆயுளுக்குள் மண் புதுக்கறிக்கு வாய் பழகிய கதை இது.

வயிறு என்று சொன்னால் பசியும் நேரமும் வருகின்றன. ஐரோப்பாவில் மருந்துகளின் அரைவாழ்வைப் பெரும்பாலும் 20 பாகைச் சூட்டில், ஈரம் அளவாக உள்ள மண்ணில் அளப்பார்கள். சூடு 10 பாகை கூடினால் சிதைவு 2.58 மடங்கு வேகமாகும் என்பது அவர்கள் கையாளும் வழமை. யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 28 பாகை. அந்தக் கணக்கில் எங்கள் மண் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் செமிக்கவேண்டும். வெப்ப நாடுகளில் எச்சப் பிரச்சினை குறைவு என்று சிலர் தைரியமாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

அவர்கள் மாசி தொடங்கி ஆவணி வரை இங்கே வந்து பார்க்கவில்லை. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் வயல் வெடிக்கும். பற்றீரியாவுக்குச் சூடு எவ்வளவு இருந்தாலும் ஈரம் இல்லாவிட்டால் வேலை இல்லை. மேலே கிடப்பதில் கொஞ்சத்தை வெயில் உடைக்கும். சற்றுக் கீழே போனது பங்குனி வெயிலில் பானைக்குள் போட்ட ஊறுகாய் மாதிரி அப்படியே இருக்கும். காலண்டரில் 200 நாள் போயிருக்கும், மண்ணின் நாட்குறிப்பில் இருபது நாள்கூட ஆகியிராது. அண்ணையின் 30 நாளுக்குள் இருந்த கள்ளம் இதுதான்.

தோட்டமண்ணின் கதை வேறு. திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் என்று போகும் செம்பாட்டுப் பூமியில் கோடையிலும் இறைப்பு உண்டு. மண்ணுக்கு ஈரம் அற்றுப்போகாது. பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்ப்பதும், பட்டி கட்டுவதும், மாட்டுக்குப்பை போடுவதும் பயிருக்கு மட்டும் என்று எங்கள் அப்புமார் நினைத்திருப்பார்கள். மண்ணின் வயிற்றுக்கும் அதுதான் தீனி.

செம்பாட்டின் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஒட்சைட்டு. கிளைபோசேட்டுக்கு அதுதான் பசை. மூலக்கூறின் பொசுபரசு முனை இரும்பு ஒட்சைட்டையும் களியையும் கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும். இதனால்தான் நிலத்தில் விழுந்த கிளைபோசேட்டை அடுத்த பயிரின் வேர் பெரும்பாலும் எடுப்பதில்லை. கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் பற்றிக்கொண்டதைப் பற்றீரியாவும் எளிதில் தின்னமுடியாது. கறியை அலுமாரியில் வைத்துப் பூட்டினால் பழுதாகாது என்று சொல்ல முடியுமா, சாப்பிட்டு முடிந்தது என்றுதான் சொல்ல முடியுமா? பொசுபேற்று உரமும் அதே கொக்கிகளைத் தேடி வருவது. வருடக்கணக்காக உரம் கொட்டிய வெங்காயத் தோட்டத்தில் கிளைபோசேட்டுக்கு இடம் குறையும், பிடி தளரும்.

தோட்டக்காரருக்கு இந்த வேதியியலில் ஒரு பாதி கையனுபவம். கிணற்றுத் தண்ணீரில் கலந்து அடித்தால் புல் சாவது மந்தம் என்பார்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே கல்சியம்தான் மெசினுக்குள்ளேயே மருந்தைப் பிடித்துக்கொள்கிறது. அமோனியம் சல்பேற்றுக் கொஞ்சம் சேர்த்தால் அந்தப் பிடி விடும்.

இந்த இடத்தில் அரசியலைத் தாண்டிப் போகமுடியாது. வட மத்திய மாகாணத்தில் 1990கள் தொட்டுக் கமக்காரரைத் தாக்கிவரும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோய்க்கு, கிளைபோசேட்டும் வன்தண்ணீரும் உலோகங்களும் சேர்ந்த கூட்டே காரணமாகலாம் என்று 2014இல் இலங்கை ஆய்வாளர் மூவர் ஒரு கருதுகோள் எழுதினார்கள். 2015இல் அரசு இறக்குமதியைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திறந்துவிட்டது. 2021 மே மாதம் எல்லா விவசாய இரசாயனத்துக்கும் ஒரேயடியாகக் கதவடைத்து, நவம்பரில் பின்வாங்கி, 2022இல் கிளைபோசேட்டை மறுபடி விட்டது. கருதுகோளை மறுத்தவர்கள் யாழ்ப்பாணத்தைக் காட்டினார்கள்: அங்கே தண்ணீர் இதைவிட வன்மை, நோய் எங்கே? நல்ல கேள்வி. என் மனதுக்கு அது முழு விடை இல்லை. போர்க்காலத் தடைகளால் பல வருடம் யூரியாவே குடாநாட்டுக்குள் வரப் பாடுபட்டது. வன்தண்ணீர் ஒன்றாக இருந்தாலும் மருந்தின் அளவு ஒன்றாக இருந்திருக்காது. அளக்காமல் போட்ட தடையும் அளக்காமல் எடுத்த தடையும் அறிவியலுக்கு ஒரே அளவு தூரம்.

என்னைக் கேட்டால் குடாநாட்டில் கவனிக்கவேண்டியது ஒட்டிக்கொள்ளும் கிளைபோசேட்டைவிட ஒட்டாத சரக்குகள். எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினி ஓர் அமிலம். காரம் சார்ந்த எங்கள் மண்ணில் அது எதிரேற்றத்தோடு நிற்கும், களியும் எதிரேற்றம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், மருந்து தண்ணீரோடு இறங்கும். சல்போனைல்யூரியா வகை இன்னொன்று. 1970களில் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் லெவிற் கண்டது. ஹெக்டயருக்குச் சில பத்துக் கிராம் போதும், அதனால் சுற்றாடலுக்கு நல்லது என்று புகழப்பட்டது. புளித்த மண்ணில் அது நீரோடு வினைபட்டுத் தானாக உடையும். சுண்ணாம்பு மண்ணில் அந்த உடைவு மந்தம், பற்றீரியாவை நம்பியே இருக்கவேண்டும். மேல்நாட்டுச் சுண்ணாம்பு நிலங்களில் கோதுமைக்கு அடித்ததன் மிச்சம் அடுத்த வருடப் பயறினத்தை முடக்கியதுண்டு.

எங்கள் மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொத்தலான சுண்ணக்கல், அதற்குள் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, வழுக்கியாறும் மாரியில் மட்டும். குடிப்பதும் இறைப்பதும் அந்த நன்னீரைத்தான். அது நிரம்புவதும் அந்த மூன்று மாத மழையில்தான். புழுதி விதைப்பில் நெல்லும் புல்லும் ஒன்றாக முளைப்பதால் களைநாசினி அடிக்கவேண்டிய கிழமைகளும் அவைதான். மண்ணின் வயிறு விழித்திருக்கும் நாட்களும் அவைதான். ஆக, செமிபாட்டுக்கும் கசிவுக்கும் ஓட்டப்போட்டி ஒரே மாதத்தில், ஒரே மழையில் நடக்கிறது. மெல்லிய தூறலென்றால் பற்றீரியா வெல்லும். அடித்த மறுநாள் தாழமுக்கம் வந்து இரவு முழுக்கக் கொட்டினால் சுண்ணக்கல் வெல்லும். வேர்மட்டத்துக்குக் கீழே உக்கலும் குறைவு, நுண்ணங்கியும் குறைவு. அங்கே போனதற்கு மேலிருந்த நாட்கணக்குச் செல்லாது. ஜேர்மனி 1991இல் அத்திரசீனைத் தடைசெய்தது. பல வருடம் கழித்தும் நிலத்தடி நீரில் அதையும் அதன் துண்டையும் கண்டார்கள்.

குடிநீருக்கு ஐரோப்பிய வரம்பு ஒரு மருந்துக்கு இலீற்றரில் 0.1 மைக்ரோகிராம். 3 மீற்றர் குறுக்களவில் 3 மீற்றர் தண்ணீர் நிற்கும் கிணறுகளை எடுத்தால், 1 கிராம் மருந்து ஏறக்குறைய 470 கிணற்றை அந்த வரம்புக்குக் கொண்டுபோகும்.

இதை அண்ணைக்குச் சொன்னபோது அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அதை எப்பிடித் தம்பி பாக்கிறது? மெசின் கிடக்கோ?" என்றார். பெரிய கருவி வேண்டாம். 2008இல் இங்கிலாந்தில் வீட்டுத்தோட்டக்காரர் பலருக்குத் தக்காளியும் போஞ்சியும் முறுகிச் சுருண்டு போயின. புல்லுக்கு அடித்த அமினோபைரலிட் என்ற களைநாசினி, புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றையும் கடந்து, எருவாகித் தோட்டத்துக்கு வந்திருந்தது. வயல் வைக்கோல் மாட்டுக்கு, மாட்டுக்குப்பை தோட்டத்துக்கு என்று நாங்கள் செய்கிற அதே சுற்றுத்தான். அவர்களுக்குச் சொல்லப்பட்ட சோதனை: எருவைச் சாடியில் போட்டு அவரையினத்து விதையை ஊன்றி இலையைப் பார். இந்த வகை மருந்துக்கு அவரையின் இலை, நாக்கைப்போல. மிகச் சிறிய அளவையும் முகம் சுளித்துக் காட்டிவிடும்.

நான்கு பால்பேணி எடுத்தோம். அடியில் ஆணியால் துளை போட்டு, ஒன்றில் வயல் மண், ஒன்றில் தோட்டத்துச் செம்பாடு, ஒன்றில் மருந்தே காணாத கோயில் வீதி மண். நான்காவதில் மெசின் கழுவுகிற கிணற்றடியில் வழித்த மண். ஒவ்வொன்றிலும் நாலு பயித்தங்கொட்டை, மழைத்தண்ணீர் ஊற்றித் திண்ணையில் வைத்தோம்.

இரண்டாம் கிழமை கூப்பிட்டார். வயல் மண்ணில் முளைத்தது கோயில் வீதி மண்ணில் முளைத்ததைப் போலவே விரிந்து நின்றது. செம்பாட்டில் இன்னும் கொழுத்திருந்தது. நான்காவது பேணியில் இரண்டு முளைக்கவே இல்லை. முளைத்த இரண்டும் தண்டு தடித்து, இலை ஓரம் உள்ளே மடிந்து, கிண்ணம்போல் சுருண்டு கிடந்தன. அண்ணை ஒன்றும் பேசாமல் பேணியைக் கையில் எடுத்து இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கிணற்றுக்கட்டில் சாத்தியிருந்த மெசினைத் தூக்கினார்.